அந்தப் புள்ளியை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்

(தலைப்பு: அரசுப் பள்ளி வகுப்பறையில் மென்பொருளும் இணையமும் பிள்ளைகளுக்கு வரமா, வாத்தியாருக்குப் பாரமா? "வரமே" அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, இவ்வளவு நேரம் முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களே, கடைசி வரிசையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே பட்டிமன்றமும் கேட்கிற தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

அண்ணன் பேச வந்தபோது அவர் கையில் என்ன இருந்தது, கவனித்தீர்களா ஐயா? குறிப்புத் தாள் இல்லை. போன். அதை விரலால் தள்ளித் தள்ளித்தான் "பாரம், பாரம்" என்று பதினைந்து நிமிடம் பேசினார். சரி, போகட்டும். பெரியவர்.

அவர் பேச்சில் எதற்குக் கைதட்டல் அதிகம் வந்தது? காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவுச் செயலியைத் திறந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது நிற்பதற்குள் முதல் பீரியட் போய்விடுகிறது, அப்புறம் எங்கே பாடம் நடத்துவது என்றார். நானும் தட்டினேன் ஐயா. நான் பதினெட்டு வருஷமாக அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வட்டம் எனக்கும் சுற்றியிருக்கிறது. பிள்ளைகளின் செருப்பு அளவு வரைக்கும் நான்தான் உட்கார்ந்து ஏற்றுகிறேன்.

ஆனால் அண்ணே, அது வகுப்பறை மென்பொருளா? அது ஆபீஸ் மென்பொருள். பிள்ளை அதைத் தொடுவதில்லை, பார்ப்பதில்லை, அதனால் ஒரு எழுத்துகூடக் கற்பதில்லை. அந்தக் காலத்தில் இதே வேலைக்கு ஒரு மேசை நீளத்துக்குப் பதிவேடுகள் இருந்தன. எழுதி எழுதிக் கை வலித்த வாத்தியார் எவராவது "அதனால் பாடப்புத்தகமே வேண்டாம்" என்று சொன்னதுண்டா? இரண்டும் காகிதம்தான் என்று பதிவேட்டையும் பாடப்புத்தகத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதுண்டா? இன்றைக்கு இரண்டும் திரையில் தெரிகிறது என்பதற்காக நீங்கள் கட்டுகிறீர்கள். வாத்தியாரை ஆபீஸ் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று ஒரு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அந்தக் கோபத்தைப் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு நல்ல கருவி மேல் இறக்காதீர்கள்.

இப்போது என் வகுப்பறைக்குள் கொஞ்சம் வாருங்கள். ஒன்பதாம் வகுப்பு, வட்டங்கள் பாடம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். நான் எப்படி நடத்திக்கொண்டிருந்தேன் தெரியுமா? கரும்பலகையில் கயிறும் சாக்பீஸும் வைத்து ஒரு வட்டம் போடுவேன், அது பாதி சமயம் பூசணிக்காய் மாதிரி வரும். பிள்ளைகள் நோட்டில் காம்பஸ் வைத்து வரைந்து கோணமானியால் அளப்பார்கள். ஒருவனுக்கு 88 டிகிரி, ஒருத்திக்கு 91, கோணமானியைத் தலைகீழாக வைத்தவனுக்கு வேறு ஏதோ. "எல்லாரும் 90 என்று எழுதிக்கோங்க" என்பேன். எழுதிக்கொள்வார்கள். அதோடு அந்தத் தேற்றம் செத்துப்போகும்.

எங்கள் பள்ளியில் 2014-ல் பத்து முடித்த மாணவி ஒருத்தி, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியைக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும்போது என்னிடம் கொண்டு வந்து, "டீச்சர், இதை நீங்க வெச்சுக்கோங்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. எத்தனை பேர் அந்த மடிக்கணினியை வைத்து மீம்ஸ் போட்டோம்! அதில் இன்றைக்கு ஒரு விசை கழன்றுவிட்டது, சார்ஜ் அரை மணி நேரம்தான் நிற்கும். ஊர்க்காரர்கள் பணம் போட்டு ஒரு ப்ரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தார்கள். வெளிச்சத்தை மறைக்க ஜன்னலில் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து ஃப்ளெக்ஸைத் திருப்பிக் கட்டியிருக்கிறோம். இதுதான் எங்கள் ஸ்மார்ட் கிளாஸ்.

அதில் ஜியோஜீப்ரா என்று ஒரு மென்பொருள். 2001-ல் ஆஸ்திரியாவில் ஒரு மாணவர் தன் பட்டப் படிப்புக்காகச் செய்ய ஆரம்பித்தது, பள்ளிகளுக்கு இலவசம், ஒருதரம் இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம். நம் பாடப்புத்தகத்திலேயே "இணையச் செயல்பாடு" என்ற பெட்டிக்குள் அதற்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு வட்டம், ஒரு விட்டம், வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. புள்ளியைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் சாய்கிறது, நீள்கிறது, ஒடுங்குகிறது. பக்கத்தில் எழுதியிருக்கிற 90 மட்டும் அசையவே இல்லை.

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது ஐயா. நாற்பது பேர். ஒரு பிள்ளை எழுந்து வந்து தானே இழுத்துப் பார்த்தாள், ஏதோ நான் ஏமாற்றுகிறேன் என்கிற மாதிரி. அப்புறம் கடைசி பெஞ்சில் ஒருவன், கணக்குப் பரீட்சையில் இரண்டு இலக்க மதிப்பெண் பார்க்காதவன், கேட்டான்: "டீச்சர், புள்ளியை வட்டத்துக்குள்ள இழுத்தா?" இழுத்தோம். கோணம் 90-ஐத் தாண்டியது. "வெளிய?" குறைந்தது. "அப்ப கோடு மேல இருந்தா மட்டும்தான் தொண்ணூறா?" பதினெட்டு வருஷத்தில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. கரும்பலகையில் அதை எப்படிக் கேட்க முடியும்? கரும்பலகைப் புள்ளி நகராதே. புள்ளி விட்டத்தின் முனையிலேயே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அடுத்து ஒரு சண்டை நடந்தது, அதைச் சொன்னால் நடுவர் மணி அடித்துவிடுவார்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அறிவியல் ஆசிரியர், "கையால் செய்து பார்க்காமல் திரையில் பார்ப்பது அறிவியலா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் அம்மீட்டர் மூன்று, அதில் ஒன்றின் முள் சுழியத்திலிருந்து எழுந்திருக்காது. உள்ளதை வைத்துக் கையால் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மின்கலத்தின் இரண்டு முனையையும் வெறும் கம்பியால் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்க எந்தப் பிள்ளைக்கு ஆசை இல்லை, எந்த ஆசிரியர் விடுவார்? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் பாவனைகளில், அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கிற மென்பொருள்களில், பிள்ளை அதைச் செய்யலாம். திரையில் மின்கலம் தீப்பிடிக்கும், பிள்ளை சிரிக்கும், குறுக்குச்சுற்று என்ற சொல் மறக்காது. அந்தப் பாவனைகளில் பலவும் தமிழிலேயே கிடைக்கின்றன.

அடுத்து, வெளிநாட்டுக் கதைகள். அண்ணன் பெரு நாட்டுக்குப் போய் வந்தார். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று 8 லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள், 2012-ல் 319 கிராமப் பள்ளிகளின் தரவை வைத்து ஆய்வு வந்தது, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை. உண்மைதான், மறுக்கவில்லை. பெட்டியைக் கொடுத்தார்கள், பாடத்தோடு அதை யாரும் சேர்க்கவில்லை. குக்கர் வாங்கிக் கொடுத்தேன், சோறு வெந்திருக்கவில்லையே என்றால் அரிசியை யார் போடுவது?

பெரு வரைக்கும் போனவர் வழியில் டெல்லியில் இறங்கியிருக்கலாம். 2015-ல் அங்கே அரசு நடுநிலைப் பள்ளிகளிலிருந்து 619 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கணினி வழிப் பயிற்சி கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் செய்த ஆய்வு. ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம்தான் என்னை உலுக்கியது: ஆறாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பு வரும்போது அந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. அந்த மென்பொருள் செய்தது ஒன்றே ஒன்று. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக் கணக்கைக் கொடுத்தது. நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அது பள்ளி முடிந்த பிறகு நடந்த பயிற்சி, வகுப்பறை இல்லையே என்று அண்ணன் எழுந்திருப்பார், உட்காருங்கள் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். பாதி நேரம் ஒரு ஆசிரியரும் கூட இருந்தார், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் என்ன ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியா இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன்? என் வேலையே போய்விடும்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில், கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து நடத்துகிற தொடக்கப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். ஒரே அறையில், ஒரே நேரத்தில், மூன்று நிலைப் பிள்ளைகள். மொட்டோடு உட்காரும்போது மலர் சும்மா இருக்குமா? மேலே ஓடு பிரித்துவிடும். அந்த இருபது நிமிடம் மலர் பிள்ளைகள் கையில் ஒரு கைக்கணினியும் அதில் ஒரு நல்ல கதையும் இருந்தால் அது பாரமா? தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறை, ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினி, எல்லாம் வீண் செலவு என்று அண்ணன் எண்களை வாசித்தார். பெட்டி பிரிக்காமல் தலைமை ஆசிரியர் அறையில் வைத்துப் பூட்டினால் வீண்தான். எங்கள் பள்ளி நூலகப் பீரோவும் பல வருஷம் அப்படித்தான் பூட்டிக் கிடந்தது. அதற்காகப் புத்தகம் வீண் என்றா சொன்னோம்? சாவியைத் தேடினோம்.

புத்தகம் என்றதும் தமிழம்மா ஞாபகம் வருகிறது. எதிரணியின் மூன்றாவது பேச்சாளர், என் அக்கா மாதிரி. ஸ்வீடனே 2023-ல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பப் பணம் ஒதுக்கிவிட்டது, நமக்கு எதற்குத் திரை என்றார். அக்கா, விருந்து சாப்பிட்டு அஜீரணம் வந்தவனுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த பத்தியத்தைக் காலையில் கஞ்சி குடிக்காதவனிடம் நீட்டுகிறீர்களே! எங்கள் நூலகத்தில் புறநானூறு முழுசாக இல்லை. பாடத்தில் இருக்கிற ஒரு பாட்டுக்கு முன் பாட்டு என்ன, பின் பாட்டு என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் எங்கே போவீர்கள்? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் தமிழர்கள் உலகின் எங்கெங்கோ உட்கார்ந்து சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், முழுசாக, இலவசமாக. அக்காவே அதிலிருந்துதான் வினாத்தாள் எடுப்பார், எனக்குத் தெரியும்.

2018-ல் வந்த புதுப் புத்தகங்களில் கியூஆர் குறியீடு போட்டார்களே, போன் இல்லாத வீட்டுப் பிள்ளை அதை நாக்கால் நக்கிப் பார்ப்பதா என்றும் அக்கா கேட்டார். சுருக்கென்று தைத்தது. கொரோனா காலத்தில் ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள் அடித்துக்கொண்ட வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். கல்வித் தொலைக்காட்சி ஓடியது, பார்த்தவர்கள் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகத் திரை என்ற அந்தச் சோதனை தோற்றது. ஆனால் இன்றைய தலைப்பு வகுப்பறை. வகுப்பறையில் ஒரே ஒரு கருவி போதும், என் போன் ஒன்றே போதும், நாற்பது பேரும் சமம். வீட்டில் போன் இருக்கிற பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே அளவு கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். தனியார் பள்ளிப் பிள்ளைக்குப் புரியாவிட்டால் சாயங்காலம் டியூஷன், இல்லையென்றால் அப்பா. எங்கள் பிள்ளையின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து அடுப்பு பற்ற வைக்கிறார். இரண்டு தடவைக்கு மேல் "புரியலை டீச்சர்" என்று சொல்லப் பிள்ளைக்கும் கூச்சம், உண்மையைச் சொன்னால் மூன்றாம் தடவை எனக்கும் எரிச்சல் வரும். அரசு வெளியிட்ட மணற்கேணி என்ற பாடச் செயலியின் காணொளிக்கு எரிச்சல் வராது. 6 முதல் 12 வரை பாடங்கள் இருக்கின்றன, தமிழில் இருக்கின்றன. 396-வது குறளிலிருந்து எடுத்த பெயர். தோண்டத் தோண்ட ஊறும். தோண்டாமல் மேட்டில் நின்றுகொண்டு தண்ணீர் இல்லை என்று சொன்னால் கேணி என்ன செய்யும்?

நெட்வொர்க் இல்லை, மின்சாரம் இல்லை, ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக் கேரளத்துக்கும் இருந்தது. 45,000 வகுப்பறைகளை மாற்றினார்கள், எல்லாம் யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள், அதற்கென்றே கைட் என்று ஒரு நிறுவனம், பள்ளிதோறும் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றம். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணினி செய்முறையும் உண்டு. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மாணவர்களையே கணினியைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போகிற அளவுதான், இதுவா அண்ணே பாரம்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன் ஐயா. அந்த மடிக்கணினியை இன்றைக்குக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன், மேடைக்குக் கீழே மூன்றாவது நாற்காலியில் இருக்கிறது, வட்டமும் புள்ளியும் திறந்தே இருக்கின்றன. தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் நீங்களும், விருப்பப்பட்டால் அண்ணனும், ஒருதரம் அந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது, நான் மேடை ஏறும்போதே சார்ஜ் பாதிதான் இருந்தது. நன்றி, வணக்கம்.