பார்த்துப் பழகினால் போதாது, பாடமாகவும் படிக்க வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கொருக்குப்பேட்டை மக்களுக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களிடம் இருக்கிற ஆணாதிக்கப் புத்தியை மாற்றுவது ஆண் பெண் சமத்துவம் பற்றி வகுப்பறையில் தரும் பாலினக் கல்வியா, வீடும் வாழ்க்கையும் தரும் அனுபவமா? இதுதான் தலைப்பு. கல்விதான் என்று பேச வந்திருக்கிறேன். வட சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் நான், அதனால் படித்ததோடு பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

எதிரணித் தலைவர், "பொம்பளையை மதிக்கணும்னு அம்மா சொல்லித் தராததையா வாத்தியார் சொல்லித் தரப்போறார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். ஐயா, வீட்டில் என்ன சொல்லித் தருகிறோம் என்று பார்ப்போமா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயம்தான் என்று சொன்ன ஆண்கள் நாடு முழுக்க 44 சதவீதம். அதையே சொன்ன பெண்கள் 45 சதவீதம். அடி வாங்குகிற பக்கமும் அதை நியாயம் என்கிறது. அந்த அம்மாக்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அவர்களுடைய அம்மா சொன்னது அது. ஆனால் மாற்றத்தை அந்த வீட்டிடமே ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2024ஆம் வருஷத்து நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் பையன் வளர்ந்து கல்லூரிக்கு வருகிறான். அனுபவம் அவனிடம் நிறையவே இருக்கிறது, அவனுக்கு இந்தப் புத்தியைக் கொடுத்ததே அந்த அனுபவம்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆணாதிக்கம் என்றால் திட்டுவது, அடிப்பது, பஸ் ரூட்டுக்கு ஒரு தலைவன் என்று சுற்றுகிற 'ரூட்டு தலை' மாணவர்களோடு பஸ் ஸ்டாப்பில் நின்று கமெண்ட் அடிப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது கண்ணுக்குத் தெரியும், தட்டிக் கேட்கவும் முடியும். பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996இல் 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். அதில் பாதி, பெண்கள் மேல் இருக்கும் பகையை அளக்கும். மறுபாதி பாசமாக வருகிற பாகுபாட்டை அளக்கும், அதாவது பெண் மென்மையானவள், ஆண்தான் அவளைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்கிற நினைப்பை. பிறகு 19 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். பகை அதிகமுள்ள நாடுகளில் இந்தப் பாசமும் அதிகமாகவே இருந்தது, இரண்டும் கைகோர்த்துக்கொண்டே போகின்றன. இப்போது சொல்லுங்கள், "தங்கச்சி மேல இருக்கிற பாசத்துலதான் அவ போனை செக் பண்றேன்" என்கிற பையனிடம் அது தப்பு என்று எந்த அனுபவம் வந்து சொல்லும்? வீடு அவனைப் பொறுப்பான அண்ணன் என்று மெச்சுகிறது. கல்லூரியிலும் அப்படித்தான், ஆண்டு விழா என்றால் ரங்கோலியும் குத்துவிளக்குத் தட்டும் பெண்களுக்கு, வரவு செலவும் மைக்கும் பையன்களுக்கு. கேட்டால், "பொண்ணுங்க எதுக்கு அலையணும் மேடம்" என்று அக்கறையாகத்தான் பதில் வரும்.

வகுப்பில் நாங்கள் செய்கிற ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். பையன்களிடம், உங்கள் வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணின் ஒரு நாளைக் காலையிலிருந்து ராத்திரி வரை மணி வாரியாக எழுதுங்கள் என்போம். ஒரு பையன் தன் அக்காவைப் பற்றி எழுதினான்: ஏழு மணிக்கு எழுந்திருப்பாள், காலேஜ், வீடு, போன், தூக்கம். நாலே வரி. சரி, இதை அக்காவிடம் காட்டித் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பினேன். அடுத்த வாரம் அந்தத் தாளில் அக்காவின் கையெழுத்து அவனுடையதை விட அதிகமாக இருந்தது. அதிகாலையில் லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் வைப்பது, காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பும் அம்மாவுக்கு டீ போடுவது, தம்பிக்குச் சோறு கட்டுவது, எல்லாம் அந்த ஏழு மணிக்கு முன்னால். கடைசியில் 'படிக்க நேரம்' என்று போட்டுப் பக்கத்தில் கோடு இழுத்து வெறுமனே விட்டிருந்தாள். அவன் அதை வகுப்பில் படிக்கும்போது அந்தக் கோட்டில் நின்றுவிட்டான். அதே வீட்டில்தான் அவன் அத்தனை வருஷமும் இருந்திருக்கிறான். அவனுக்குக் கேள்வியை வைத்தது வகுப்புதானே!

இது என் வகுப்புக் கதை மட்டும் இல்லை. ஜூலியா பெக்கர், ஜேனட் ஸ்விம் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடம் நடக்கிற பாலினப் பாகுபாட்டைக் கவனித்துக் குறித்து வரச் சொன்னார்கள். கவனித்துக் குறித்ததே பெண்களின் பார்வையை மாற்றியது. ஆண்களுக்கு அது போதவில்லை, பாதிக்கப்பட்ட பெண்ணின் மனம் எப்படி இருந்திருக்கும் என்றும் சேர்த்து யோசிக்க வைத்தபோதுதான் மாற்றம் வந்தது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் பையன் மாற மாட்டான், அவனை உட்கார்த்தி யோசிக்க வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது, டீக்கடையிலா?

"பாடமாக வைத்தால் மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள்" என்று எதிரணியில் ஒரு தங்கை சொன்னார். நியாயமான பயம்தான். மார்ச் 8ஆம் தேதி ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பொன்னாடை, ஒரு செல்ஃபி என்று முடிப்பதைப் பாலினக் கல்வி என்றால் நானும் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவேன். ஆனால் ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை ஆய்வுக்கு எடுத்து, அதில் 150 பள்ளிகளில், ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, இரண்டரை வருஷம் விடாமல் பாலினச் சமத்துவம் பற்றி வகுப்பறை விவாதம் நடத்தி, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிற்போக்கான எண்ணங்களில் 16 சதவீதம் முற்போக்காக மாறியது, திட்டம் முடிந்து இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நின்றிருந்தது. பதினாறுதானா என்று கேட்கலாம். ஆண் பிள்ளைக்காக ஏங்கித் தவித்த ஒரு மாநிலத்தில் அது சின்ன எண் இல்லை. பள்ளியில் இது நடக்குமென்றால், வாதாடவும் எதிர்க்கேள்வி கேட்கவும் வயது வந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் ஏன் நடக்காது?

அப்புறம் நம்ம காசிமாவைப் பற்றிச் சொன்னீர்கள். புது வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் மகள், 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார், அதைப் பார்த்த பையன்கள் தானாக மாறிவிடுவார்கள் என்றீர்கள். எனக்கும் பெருமைதான், கண் கலங்கியது. ஆனால் அன்றைக்குத் தெருவில் பட்டாசு வெடித்த பையன், மறுநாள் தன் தங்கையைக் கேரம் கிளப்புக்கு அனுப்பினானா? "அது வேற பொண்ணு, நம்ம வீட்டுப் பொண்ணு வேற" என்று சொல்லிவிடுவான். அதுதான் நடக்கிறது.

நம் பெண்கள் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். 2022இல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கிய இடமே நம்ம பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிதான். ஆனால் பாலினம் பற்றிய கூட்டம் என்றால் இன்றைக்கும் நாற்காலியில் பெண்களைத்தான் உட்கார வைக்கிறார்கள், பையன்களுக்கு அந்த நேரம் லீவு. பாலியல் தொல்லையை விசாரிக்கும் புகார்க் குழு எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2015இலேயே விதி போட்டது, அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பையனிடம் இன்றைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்கள். நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்பது இதைத்தான்: எல்லாப் பட்டப்படிப்பிலும் முதல் வருஷத்திலிருந்தே, பையன்களும் உட்காருகிற, வாராவாரம் நடக்கிற, வருகைப்பதிவு உள்ள வகுப்பு. அதை எடுக்க ஆண் ஆசிரியர்களும் முன்வர வேண்டும், அவர்களுக்கும் முதலில் பயிற்சி வேண்டும். நன்றி, வணக்கம்.