ஆமையும் அரிப்பும்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் நீண்ட காலமாகத் தோல் மருத்துவம் பார்த்து வருகிறேன். வீட்டில் ஆமை வளர்ப்பவர்களுக்கு வரும் அரிப்பைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஆமை இருக்கும் வீட்டில் ஒருவருக்குக் கை சிவந்தால், விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. பூனையின் எச்சிலும் தோல் பொடியும் காற்றில் பறந்து தும்மலையும் தடிப்பையும் கிளப்பும். ஆமைக்கு உரோமம் இல்லை, அப்படிப் பறக்கும் பொடியும் மிகக் குறைவு. ஆமையே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, ஆனால் அபூர்வம்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். புறங்கை, முழங்கை மடிப்பு, கழுத்து, கண் இமை எல்லாம் தடித்துக் கறுத்திருந்தன. சட்டை மூடிய இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். வீட்டில் முறைப்படி பதிவு செய்து வளர்க்கும் ஆப்பிரிக்க நில ஆமை ஒன்று, சாப்பாட்டுத் தட்டு அகலம். பேரனுக்கு அது உயிர். உறவினர்களோ, ஊசுட்டேரியில் விட்டுவிட்டு வாருங்கள் என்று நெருக்கியிருக்கிறார்கள். "டாக்டரம்மா, விட்டுவிடலாமா?" என்று கேட்டார். எனக்குப் பதறிவிட்டது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, நேயர்களே. ஏரியில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

ஆமை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டேன். புல் என்றார். புல் எங்கிருந்து? வீட்டுக்குப் பின்னால் காலி மனை. அங்கே இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் பையைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. கேரட் இலை போல இலை, குருணை அரிசி போல வெள்ளைப் பூ. பார்த்தீனியம். 1950களில் புணே பக்கம் கவனத்துக்கு வந்து, பின்பு நாடு முழுவதும் பரவிய செடி. ஆமைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே தினமும் காலையில் அதை வெறுங்கையால் விலக்கிவிட்டுப் புல்லை மட்டும் அறுத்திருக்கிறார். அந்தச் செடியின் தூசி காற்றிலும் வரும். சட்டை மூடாத இடமெல்லாம் படியும். இமையும் கழுத்தும் தடித்ததற்கு அதுதான் காரணம்.

சந்தேகப்படும் பொருள்களைத் துளித் துளியாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதைச் செய்தோம். பார்த்தீனியம் ஒட்டிய இடம் சிவந்து எழும்பியது. புல் அறுப்பதை மகன் ஏற்றுக்கொண்டார், அதுவும் வேறு இடத்தில். ஆமையைக் குளிப்பாட்டும் வேலை ஆசிரியரிடமே இருந்தது. மருந்துடன் சில வாரங்களில் தோல் தணிந்தது. ஆமையைத் தொட்டுக்கொண்டேதான் தணிந்தது, அதைக் கவனியுங்கள். சாமந்தியும் அதே குடும்பத்துச் செடி, அதையும் தொட வேண்டாம் என்றேன். பூஜைக்கு மல்லிகை போதும் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார்.

ஆகவே, ஆமையைக் கேட்காதீர்கள், கையைக் கேளுங்கள். ஆமைக்காக இந்தக் கை எதையெல்லாம் தொட்டது? ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்த வைக்கோலா, தேங்காய் நார்த் தூளா, தொட்டி கழுவிய பிளீச்சிங் பவுடரா? பிளீச்சிங் பவுடரால் வருவது ஒவ்வாமை அல்ல, எரிச்சல். அளவு மீறினால் யார் கையும் வெடிக்கும். ஒவ்வாமை அப்படியல்ல. ஒரு பொருளை எதிரியாக உடல் பழகிவிட்டால், துளி பட்டாலும் கிளம்பும். முன்னதற்குக் கையுறையும் தேங்காய் எண்ணெயும் பெரிதும் உதவும். பின்னதற்கு அந்தப் பொருளையே விட்டு விலக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பு இரண்டுக்கும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நோய் மறைந்துகொண்டு வளரும்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சொல்ல நினைத்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி அதன் குடலில் இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். ஆமைத் தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள். நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், யாரிடமும் வாங்காதீர்கள்.

கடைசியாக, நீர் ஆமை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. கையில் காயத்தோடு தொட்டித் தண்ணீரில் அளைந்தவர்களுக்குச் சில வாரம் கழித்து விரலில் வலியில்லாத கட்டி எழும்பலாம், அதே கையில் மேல்நோக்கி வரிசையாகவும் வரலாம். அது தண்ணீரில் வாழும் ஒரு கிருமி. சாதாரண மாத்திரைக்கு அடங்காது, மாதக்கணக்கில் மருந்து வேண்டும். மருத்துவரிடம் போகும்போது வீட்டில் ஆமைத் தொட்டி இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், நாங்கள் கேட்க மறந்தாலும். வணக்கம்.