வீட்டு முன்னாடி கரண்ட் கம்பம்: டூப்ளெக்ஸுக்கு கார் கேட்டை எங்கே வைக்கிறது?

[திரையில்: காலி மனை. முன்பக்கம் ஒரு சிமென்ட் கம்பம், அதிலிருந்து மனைக்குள் இறங்கும் ஸ்டே கம்பி.]

30-க்கு 40 மனை, அரை கிரவுண்டு. வடக்குப் பார்த்தது, முன்னாடி 20 அடி ரோடு. ரோட்டுல நின்னு மனையைப் பார்த்தா, இடது மூலையிலிருந்து 11 அடியில, காம்பவுண்ட் கோட்டுக்கு ஒன்றரை அடி வெளியே கம்பம் நிக்குது. கீழே கார் நிறுத்தம், ஹால், கிச்சன். உள்ளேயே படி ஏறி மேலே பெட்ரூம், பால்கனி. நம்ம ஊர்ல டூப்ளெக்ஸ்னா இதுதான்.

வடக்குப் பார்த்த மனைன்னா வாஸ்து பார்க்கிறவர் கேட்டை ஈசானியத்துல வைக்கச் சொல்வார். இந்த மனையில அது இடது மூலை. ஓரத்துல 1 அடி தூண் விட்டு 10 அடி கேட் வச்சா, கேட் முடியிற இடமும் கம்பம் நிக்கிற இடமும் ஒண்ணா வந்துடும். பிளான்ல கம்பத்தை யாரும் வரையாததால, கேட் மாட்டின அன்னிக்குத்தான் இது கண்ணுல படும்.

[திரையில்: மேலிருந்து பார்க்கும் படம். கார் வலப்பக்கமிருந்து வந்து திரும்புகிறது.]

"கம்பத்துக்கும் கேட்டுக்கும் நடுவுல கார் போயிடும்ல?"ன்னு கேட்கிறதுல பாதி விஷயம்தான் இருக்கு. கார் நேரா நுழையிறதில்ல, திரும்பி நுழையுது. திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தோட தடத்துல வராது, உள்பக்கமா வெட்டிட்டு வரும். இன்னோவா கிரிஸ்டாவை எடுத்துக்கோங்க. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 2.75 மீட்டர், திரும்பும் ஆரம் 5.4 மீட்டர். முழுசா ஸ்டியரிங்கை ஒடிச்சா பின் சக்கரம் முக்கால் மீட்டர், அதாவது ரெண்டரை அடி, உள்ளே வெட்டும். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி கம்பத்தைத் தாண்டிடுச்சுன்னு நிம்மதியா ஒடிப்பாங்க. பின் கதவு போய் கம்பத்துல தேய்க்கும்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது, தினமும் கார் எந்தப் பக்கத்திலிருந்து வரும்னு. மெயின் ரோடு வலப்பக்கம்னா, நம்ம உதாரணத்துல கம்பம் திருப்பத்தோட உள்பக்கம் வருது. மோசமான இடம் அதுதான். இடப்பக்கமிருந்து வந்தா கம்பம் வெளிப்பக்கம். அப்போ முன் பம்பர் மூலையை மட்டும் பார்த்துக்கிட்டா போதும். ஆனா ரிவர்ஸ்ல வெளியே வரும்போது மூக்கு எந்தப் பக்கம் வீசும்ங்கிறதையும் சேர்த்துப் பார்க்கணும்.

காகிதத்துல இதை முடிவு பண்ணாதீங்க. ஒரு பாக்கெட் சுண்ணாம்புத்தூள், தேவையான அளவு செங்கல், அரை நாள் போதும்.

[திரையில்: தரையில் சுண்ணாம்புக் கோடு, கேட் தூண்களுக்குப் பதில் அடுக்கிய செங்கல்.]

காம்பவுண்ட் கோட்டைத் தரையில இழுங்க. கேட் தூண் வர்ற ரெண்டு இடத்துலயும் இடுப்பளவுக்கு செங்கல் அடுக்குங்க. தூணோட முழு அகலமும், பூச்சும் வரணும். வீட்டு அஸ்திவாரக் கோட்டையும் போடுங்க. இப்ப உங்க காரை இல்ல, அதைவிடப் பெரிய காரை வரவழைச்சு ரெண்டு திசையிலிருந்தும் உள்ளே விட்டு, ரிவர்ஸ்லயும் எடுத்துப் பாருங்க. இன்னிக்கு ஸ்விஃப்ட் வச்சிருக்கிறவர் நாளைக்கு இன்னோவா வாங்கினா நீளம் முக்கால் மீட்டருக்கு மேல கூடும். எதிர் வீட்டு வாசல்ல வழக்கமா ஒரு வண்டி நிக்கும்னா, அது நிக்கும்போதே பாருங்க.

இந்த மனைக்கு எங்க தீர்வு இது. கார் கேட்டைக் கம்பத்துக்கு வலப்பக்கம் கொண்டு போங்க. கம்பத்திலிருந்து 4 அடி விட்டு, 15-ஆவது அடியில ஆரம்பிச்சு 25-ல முடியட்டும். ஸ்லைடிங் கேட் போட்டா, இடப்பக்கச் சுவருக்குப் பின்னாடி ஓட இடம் தாராளம். கேட் அகலத்தோட 1 அடி கூடுதலா வேணும், அது இருக்கு. ஆள் போற மூன்றரை அடி விக்கெட் கேட்டை மட்டும் ஈசானியத்துல வைங்க. ஸ்லைடிங் கேட் அதைத் தொடாம நிக்குதான்னு அளந்துக்கோங்க. வண்டி நிறுத்த வாயு மூலை, அதாவது வடமேற்கு (இங்க வலது மூலை), ஆகும்னு வாஸ்துக்காரங்களே சொல்றதால அந்தப் பக்கமும் சமாதானம்.

கம்பம் நட்ட நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் இடம் இல்லாட்டி, கேட்டை 3-லிருந்து 5 அடி உள்ளே தள்ளி, ரெண்டு பக்கச் சுவரையும் சாய்வா வெட்டிக் கொண்டு வாங்க. கொஞ்சம் இடம் போகும். ஆனா கார் ரோட்டுலயே திரும்பி முடிக்க வேண்டியதில்ல, பாதித் திருப்பம் உங்க இடத்துல நடக்கும்.

கம்பத்தைவிடத் தொல்லை ஸ்டே கம்பிதான். லைன் முடியிற கம்பத்துலயும் வளையிற கம்பத்துலயும் இழுவையைத் தாங்க இது இருக்கும். சாய்வா இறங்குறதால கம்பத்தைச் சுத்தி நாலஞ்சு அடி இடத்தையும் சேர்த்து அடைக்கும். இடைஞ்சலா இருக்குன்னு அறுத்துட்டா கம்பம் லைன் இழுக்கிற பக்கம் சாய ஆரம்பிக்கும். அதுக்குப் பதிலா எதிர்ப்பக்கம் முட்டுக் கம்பம் கொடுக்கலாம், இல்ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டைக் கம்பம் நட்டு ஸ்டேயை உயரத்துல கொண்டு போகலாம். ரெண்டையும் மின் வாரியம்தான் செய்யணும்.

[திரையில்: பக்கவாட்டு வெட்டுப் படம். பால்கனியில் ஒருவர் கையைத் தூக்கி நிற்கிறார்.]

இப்ப தலைக்கு மேல. 8 மீட்டர் கம்பத்துல ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகும், வெளியே 6.7 மீட்டர்கிட்ட நிக்கும். கம்பி தொய்வோட சேர்த்து 6 மீட்டரை ஒட்டி இருக்கும். உங்க பீடம் 2 அடி, தளம் 10 அடி, மேலே கான்கிரீட். முதல் மாடி பால்கனித் தரை ரோட்டிலிருந்து 3.8 மீட்டர்ல வரும். அதுல நின்னு ஒருத்தர் கையைத் தூக்கினா 5.9 மீட்டர். கம்பியும் கையும் ஒரே உயரம்.

வீடுகளுக்கு கரண்ட் தர்ற லோ டென்ஷன் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டுல 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேல போனா 2.5 மீட்டர் இடைவெளி வேணும்னு மத்திய மின்சார ஆணைய விதி சொல்லுது. 11 கே.வி. லைனா இருந்தா மேலே 3.7 மீட்டர். இதைச் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, பால்கனி விளிம்பிலிருந்து அளக்கணும். வீட்டு முன்னாடி 5 அடி விட்டு, பால்கனியை 3 அடி வெளியே நீட்டினா காம்பவுண்டுக்கு 2 அடிதான் மிச்சம். கம்பம் ஒன்றரை அடி வெளியே. மொத்தம் மூன்றரை அடி, அதாவது 1.07 மீட்டர். போதாது. கம்பத்துல குறுக்குச் சட்டம் இருந்து ஒரு கம்பி வீட்டுப் பக்கம் நீண்டு வந்தா இன்னும் குறையும். பால்கனியை பின்னாடி வாங்குங்க, இல்ல பக்கவாட்டுக்கு மாத்துங்க.

கட்டும்போதே இன்னொரு ஆபத்து. கான்கிரீட்டுக்குக் கடையில வாங்குற இரும்புக் கம்பி 12 மீட்டர் நீளம். மாடியில தூணுக்கு நிமிர்த்திற நேரத்துல மேல இருக்கிற லைனை யாரும் பார்க்க மாட்டாங்க. லைன் பக்கம் கம்பி தூக்குற அன்னிக்கு பிரிவு அலுவலகத்துல எழுதிக் கொடுத்து லைனை ஆஃப் பண்ண வச்சுட்டுத்தான் வேலை. கம்பத்தை ஒட்டி சம்ப், செப்டிக் டேங்க் தோண்டவும் கூடாது; 1.3 மீட்டர் ஆழத்துல நிக்கிற கம்பத்தோட பக்கத்து மண்ணை எடுத்தா அது எந்தப் பக்கமும் சாயலாம். கம்பத்தையே கேட் தூணாக்கி கீல் மாட்டுறதும், காம்பவுண்டுக்குள்ள மூடுறதும் வேண்டவே வேண்டாம். கசிவு வந்தா கேட்டே ஷாக் அடிக்கும்.

[திரையில்: பழைய கம்பம், புதுக் கம்பம் பக்கத்துப் பக்கத்துல.]

எப்படிப் பார்த்தாலும் முடியாதுன்னாதான் கம்பத்தை நகர்த்துற பேச்சு. மின் பகிர்மானக் கழகத்தோட பிரிவு அலுவலகத்துல உதவிப் பொறியாளருக்கு மனு: பத்திரம் அல்லது பட்டா நகல், கம்பம் இப்ப எங்கே, எங்கே போகணும்னு ஒரு வரைபடம், நாலு போட்டோ. அவங்க வந்து பார்த்து எஸ்டிமேட் போடுவாங்க. செலவு மொத்தமும் நீங்க கட்டணும். அதே நேர்கோட்டுல சில அடி தள்ளிக் கேட்டா எளிது. கோட்டை விட்டு விலகினா புது ஸ்டே வேணும். பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளுனா அவர் ஒத்துக்கணும். பெரும்பாலும் இங்கதான் வேலை நிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் நிக்கிற ரெட்டைக் கம்பம்னா பேச்சே வேண்டாம், கேட்டை மாத்துங்க.

எஸ்டிமேட்ல ரெண்டு விஷயம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. ஒண்ணு, பக்கத்து வீடுகளோட சர்வீஸ் ஒயர், தெருவிளக்கு எல்லாத்தையும் புதுக் கம்பத்துக்கு மாத்துறது. இன்னொண்ணு, பழைய கம்பத்தை வேரோட பிடுங்கி குழியை இறுக்கி மூடுறது. பல இடத்துல தரை மட்டத்துல உடைச்சு விட்டுட்டுப் போயிடுறாங்க. அதுக்கு மேல சிமென்ட் தளம் போட்டா, கார் ஏறி இறங்க இறங்க மண் அமுங்கும், அந்த மொட்டை மட்டும் அமுங்காம நிக்கும். சரியா அந்த இடத்துல தளம் விரிசல் விடும்.