தோல் தடுப்பதும் விடுவதும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். அது எதைத் தடுக்கிறது, எதை உள்ளே விட்டுவிடுகிறது என்பதை மட்டுமே இன்று பேச விரும்புகிறேன்.

மேல்தோல், உள்தோல், அதற்கடியில் கொழுப்புத் திசு எனத் தோல் அடுக்குகளாக அமைந்தது. மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மேலேறி, கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, உட்கருவை இழந்து தட்டையாகி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்கின்றன. உச்சியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் அந்த இறந்த உயிரணுக்களும் அவற்றின் இடைவெளியை அடைத்திருக்கும் கொழுப்புமே நமக்குள்ள வேலி. கண்ணிமையில் மேல்தோல் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான்; உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை தடிக்கும்.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர்களுக்குக் காயத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கத்தி பட்டையோடு நின்றால் பட்டை மறுபடி வளரும். ஆழம் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அவ்விடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். தோலிலும் மேல்தோலோடு நின்ற சிராய்ப்பு சுவடின்றி ஆறும். உள்தோலில் ஆழமாக இறங்கிய வெட்டு தழும்பாகும்.

நிறம் தரும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே; அவை உண்டாக்கும் மெலனின் என்னும் நிறமியின் அளவும் தன்மையுமே வேறுபடுகின்றன. முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். சில களிம்புகளில் கலக்கப்படும் பாதரசம் தோல்வழியே புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும் சொல்ல மாட்டார்கள்.

உள்தோலை ஒட்டி 2 முதல் 4 மில்லியன் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் கனத்த பிற்பகலில், செம்பனை வரிசைகளுக்குள் அது வழிந்தோடுமே தவிர எளிதில் ஆவியாகாது. அப்படி ஊறிய தோல், மருந்தடிக்கும் வேலையில் பெரிய ஆபத்து. ஈரத்தோல் நஞ்சை எளிதாக உறிஞ்சும்.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, பழுதில்லாத தோலில் மிகக் குறைவாகவே புகும். புண்ணுள்ள தோலில் புகுந்து உயிரைப் பறித்ததும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளுக்கோ புண்கூடத் தேவையில்லை.

முதுகில் சுமக்கும் பம்பின் மூடி கசிந்தால், மருந்து சட்டையை நனைத்து, முதுகெலும்பின் பள்ளத்தில் இறங்கி, இடுப்புப் பட்டையில் தேங்கி, கீழே பரவும். முன்கையைவிட விதைப்பையின் தோல் பன்மடங்கு உறிஞ்சும்; சபையில் சொல்லக் கூடாதென்று இதை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே கசிந்த உடனே, வேலை முடியட்டும் என்று காத்திராமல், உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள மருந்து வெறும் தண்ணீரில் போகாது. அந்தத் துணியை வீட்டில் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.