பலகையில் ஏறாத கணக்கு

வணக்கம். உங்களில் பலருடைய ஆலை வாசலில் அந்தப் பலகை இருக்கும்: 'விபத்தில்லாத நாட்கள் இத்தனை'. மேலாளர்களாகிய நீங்கள் அந்த எண்ணை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. நிறுத்தி வைத்திருந்த ஒரு பிரிவை மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். 170 அடிக் கோபுரம் ஒன்றில் திரவம் ஏறிக்கொண்டே போனது. மட்டம் காட்டும் கருவியோ அடியில் சுமார் 10 அடியைத்தான் அளக்கும். உள்ளே 150 அடிக்கு மேல் நிரம்பிவிட்டது. திரையில் எட்டடி, அதுவும் இறங்குமுகமாக! அடித்திருக்க வேண்டிய எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. பொங்கி வெளியேறிய எரிபொருள் வெடித்து 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். இறந்த அத்தனை பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். பக்கத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக அலுவலக டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் அந்த ஆலையின் காய விகிதம் அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவாக இருந்தது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் ஆராய்ந்த குழு 2007இல் இதைத்தான் சுட்டிக்காட்டியது: தனிநபர் காயங்கள் குறைவதைப் பார்த்து, ஆலையே பாதுகாப்பாக இருப்பதாக நிர்வாகம் எண்ணிவிட்டது. வழுக்கி விழுவதும் விரல் நசுங்குவதும் குறைந்தால் நல்லதுதான். ஆனால் அரித்துப்போன குழாயைப் பற்றி அந்தக் கணக்கு ஒரு வார்த்தை சொல்லாது.

இன்னொன்று. காயமே இல்லாத மாதத்துக்குப் பரிசு என்று அறிவித்துப் பாருங்கள், கட்டுப்போட்ட கையைத் தொழிலாளி மறைப்பார். சக தொழிலாளிகளின் பரிசு போய்விடுமே என்ற பயம் அவருக்கு. அப்போது நீங்கள் அளப்பது அந்தப் பயத்தைத்தான். அதனால் 'நியர் மிஸ்', அதாவது மயிரிழையில் விபத்து தப்பிய சம்பவங்கள் பற்றிய புகார்கள் ஒரு பிரிவில் கூடினால் அங்குள்ள சூப்பர்வைசரைத் திட்டாதீர்கள். ஆட்கள் அவரிடம் வாய் திறக்கிறார்கள் என்று பொருள்.

சரி, எதை அளப்பது? வேலை செய்யாத அலாரங்கள் எத்தனை, எத்தனை நாளாக? தள்ளிப்போட்ட பழுதுபார்ப்புகள் எவை, தள்ளிப்போடச் சொல்லிக் கையெழுத்திட்ட மேலாளர் யார்? உங்கள் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இந்தப் பட்டியல் முதல் பக்கத்தில் வரட்டும், உற்பத்திக் கணக்குக்கு முன்னால். கான்ட்ராக்ட் ஆட்களின் காயங்களும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.