பிளாங்கோ டெக்கீலா: பீப்பாய் படாத சரக்கை ருசி பார்ப்பது எப்படி?

[திரையில்: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கிளாஸ். ஒண்ணு தண்ணி நிறம், இன்னொண்ணு தேன் நிறம். கீழே எழுத்து: மது உடல்நலத்துக்குக் கேடு. 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.]

உப்பை நக்கு, ஒரே மடக்குல ஊத்து, எலுமிச்சையைக் கடி. மெக்சிகோல ஆகாவேங்கிற செடியில இருந்து வடிக்கிற மதுதான் டெக்கீலா. அதைப் பத்தி நிறைய பேருக்கு இவ்வளவுதான் தெரியும். மட்டமான சரக்கோட நெடியை மறைக்க உப்பும் எலுமிச்சையும் நல்லாவே உதவும். நல்ல சரக்குக்கு அது வேண்டாம்.

இந்த வீடியோல பார்க்கப்போறது இடதுபக்கம் இருக்கிற தண்ணி நிறச் சரக்கு, பிளாங்கோ. வடிச்சதும் நேரா பாட்டிலுக்குப் போகலாம். மரத்துல வெச்சாலும் 2 மாசத்தைத் தொடக்கூடாது. 2 மாசம் ஓக் மரத்துல இருந்தா ரெப்போசாதோ, 1 வருஷம் இருந்தா அன்யெஹோ, 3 வருஷம் ஆச்சுன்னா எக்ஸ்ட்ரா அன்யெஹோ. மரம் வனிலா வாசனை கொடுக்கும், இனிப்பு கொடுக்கும், கூடவே வடிச்சவரோட தப்பையும் மூடிடும். பிளாங்கோல மூட எதுவும் கிடையாது. செடி முத்தினதா, பதமா வெந்ததா, சரியான இடத்துல வடிச்சு நிறுத்தினாங்களான்னு எல்லாமே நாக்குக்குத் தெரிஞ்சிடும். ஒரு டிஸ்டில்லரியை எடைபோட முதல்ல அதோட பிளாங்கோவைத்தான் திறக்கணும்.

[திரையில்: ஆகாவே வயல், ஹலிஸ்கோ, மெக்சிகோ]

இதுதான் நீல ஆகாவே. நம்ம ஊர்ல வேலியோரம் நிக்கிற ஆனைக்கற்றாழையும் இதே பேரினம்தான். சோத்துக்கத்தாழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஹலிஸ்கோ மாநிலம் முழுக்க, அப்புறம் இன்னும் 4 மாநிலங்கள்ல சில பகுதிகள், இங்க விளைஞ்ச நீல ஆகாவேல இருந்து இங்கயே வடிச்சாதான் டெக்கீலான்னு பேர் போட முடியும். செடி முத்த ஆறேழு வருஷம் ஆகும். ஹிமதோர்னு சொல்ற அறுவடைக்காரர், கோவாங்கிற நீளக் கைப்பிடி வெட்டுக்கருவியால மடலையெல்லாம் சீவித் தள்ளுவார். நடுவுல மிஞ்சுற கிழங்கு மாதிரியான தண்டுக்கு பின்யான்னு பேர். 30, 40 கிலோ சாதாரணமா இருக்கும். அவர் எவ்வளவு ஒட்டச் சீவறார்ங்கிறதுலயே ருசி மாறும். பச்சை அடிமடல் நிறைய விட்டுட்டா மெழுகும் கசப்பும் கூடவே அடுப்புக்குப் போகும்.

[திரையில்: செங்கல் அடுப்பு, ஆட்டோக்ளேவ், டிஃப்யூசர்]

கொஞ்சம் நின்னு பார்க்கவேண்டிய இடம் இது. பின்யால இருக்கிறது பெரும்பாலும் ஃப்ரக்டான், அதாவது சங்கிலி மாதிரி கோர்த்த சர்க்கரை. ஈஸ்ட்டுக்கு அது சரியா செரிக்காது. சூடு பட்டு உடைஞ்சு ஃப்ரக்டோஸ் ஆனாதான் ஊறல் பொங்கும். பழைய முறை செங்கல் அடுப்பு: பின்யாவை வெட்டி அடுக்கி, ரெண்டு மூணு நாள் வரைக்கும் நீராவியில மெதுவா வேகவிடுவாங்க. முதல்ல வழியிற சாறு கசக்கும், அக்கறையா செய்யறவங்க அதை ஒதுக்கிடுவாங்க. ஆட்டோக்ளேவ்ங்கிறது ராட்சச பிரஷர் குக்கர், அரை நாள்ல வேலை முடியும். அவசரப்பட்டு அழுத்தத்தை ஏத்தினா சர்க்கரை கருகி, கசப்பு கடைசிவரை தங்கும். மூணாவது டிஃப்யூசர். பின்யாவைப் பச்சையாவே சிதைச்சு, வெந்நீர் பீய்ச்சி உள்ள இருக்கிறதை வழிச்சு எடுத்துட்டு, அந்தச் சாறைத்தான் அப்புறம் சூடாக்குவாங்க. சட்டப்படி தப்பில்ல, சர்க்கரையும் வீணாகாது. ஆனா முழுசா வெந்த ஆகாவேயோட அந்தச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மணம் இதுல மெலிஞ்சு போயிடும். எங்க கணக்குல, பிளாங்கோவோட உயிரே அந்த மணம்தான்.

அப்புறம் நசுக்கிச் சாறெடுத்து, புளிக்கவெச்சு, ரெண்டு தடவை வடிக்கணும். இரண்டாவது வடிப்புல முதல்ல வர்றதையும் கடைசியில வர்றதையும் ஒதுக்கிட்டு நடுவுல வர்றதை மட்டும் எடுக்கணும். முதல் வடி அதிகம் கலந்தா நெயில் பாலிஷ் வாடை அடிக்கும். கடை வடி கலந்தா ஈர அட்டை, வியர்வை மாதிரி ஒரு கனத்த வாடை. இந்த ரெண்டையும் மூக்குல பிடிக்கப் பழகிட்டா, பாதி வேலை முடிஞ்சது.

[திரையில்: லேபிள் பெரிதாக]

கடையில லேபிளைத் திருப்பிப் பாருங்க. '100% ஆகாவே'ன்னு இருக்கணும். வெறும் 'டெக்கீலா'ன்னு மட்டும் இருந்தா, சர்க்கரையில 49 சதவீதம் வரைக்கும் கரும்பு மாதிரி வேற எதுல இருந்தாவது வந்திருக்கலாம். அடுத்தது நோம் (NOM)னு போட்டு நாலு இலக்க எண். அது தயாரிப்பாளரோட அடையாளம். அதை இணையத்துல தேடினா எந்த ஆலை, என்ன அடுப்புன்னு தெரியும். பாட்டிலோட அழகு, நட்சத்திரங்கள் பேரு, இதுக்கெல்லாம் காசு கொடுக்காதீங்க. தங்க நிறத்துல 'கோல்ட்'னு விக்கிறது பெரும்பாலும் கேரமல் நிறம் ஏத்தினது.

ருசி பழக ஜோடி வேணும்னா, பள்ளத்தாக்குல டெக்கீலாங்கிற ஊர்லயே வடிக்கிற ஃபோர்த்தலேசா பிளாங்கோவையும், மேட்டுநிலத்து அராண்டாஸ்ல வடிக்கிற தப்பத்தியோ பிளாங்கோவையும் பக்கத்துல வையுங்க. ரெண்டுமே செங்கல் அடுப்புச் சரக்கு. மேட்டுநிலம்னா பழமும் இனிப்பும், பள்ளத்தாக்குன்னா மண்ணும் மிளகும்னு பொதுவா சொல்வாங்க. ஓரளவு உண்மைதான், ஆனா அடுப்பும் ஈஸ்ட்டும் அதை எளிதா புரட்டிப்போட்டுடும்.

[திரையில்: கை நெருக்கத்தில், உள்ளங்கையில் ஒரு சொட்டு]

இனி கிளாஸ். ஷாட் கிளாஸ் வேண்டாம், வாய் குறுகின ஒயின் கிளாஸ் போதும். 30 மில்லி ஊத்தி, அறை வெப்பநிலையில 10 நிமிஷம் விடுங்க. ஃப்ரீசர்ல வெச்சா மணம் அடங்கிடும், நல்ல சரக்குக்கு அது அநியாயம். மூக்கை உள்ள திணிக்காம, வாயை லேசா திறந்துகிட்டு விளிம்புல முகருங்க. எலுமிச்சைத் தோல், மிளகு, புதினா, சில சமயம் ஆலிவ் உப்புநீர் வரும். ஒரு சொட்டை உள்ளங்கையில விட்டு ரெண்டு கையையும் தேய்ச்சுப் பாருங்க. ஆல்கஹால் பறந்ததும் கையில வெந்த ஆகாவே மணம் மிஞ்சணும். வனிலாவோ கேக் வாசனையோ தூக்கலா இருந்தா சந்தேகப்படுங்க, மரமே படாத சரக்குல அதுக்கு என்ன வேலை?

முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான், அதை வெச்சு முடிவெடுக்காதீங்க. இரண்டாவது மிடறை அஞ்சு விநாடி வாயில வெச்சு உருட்டி விழுங்கி, மூக்கு வழியா மூச்சை விடுங்க. ஆல்கஹால் 46, 55 சதவீதத்துல வர்ற பாட்டில்களும் உண்டு, அதுக்கு அரை ஸ்பூன் தண்ணி சேர்த்தா மணம் இன்னும் திறக்கும்.

கலந்து குடிக்க ஆசைன்னா டாமிஸ் மார்கரிட்டா: பிளாங்கோ 60 மில்லி, அப்போ பிழிஞ்ச எலுமிச்சைச் சாறு 30, ஆகாவே சிரப் 15. ஐஸ் போட்டு நல்லா குலுக்கி வடிகட்டுங்க. வழக்கமான மார்கரிட்டால ஊத்துற ஆரஞ்சு மதுவை இதுல சேர்க்காததால டெக்கீலா ருசி முன்னால நிக்கும்.

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்க. படுக்க வெச்சா ஆல்கஹால் கார்க்கை அரிச்சிடும். பாதிக்குக் கீழ போனா உள்ள காத்து கூடி மேல்மணம் தேஞ்சுபோகும், அதனால சின்ன பாட்டிலுக்கு மாத்தி, சில மாசத்துல முடிச்சிடுங்க.