தகவமைப்புக்கு ஓர் ஊர் எதை இலக்காக வைப்பது? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கரியமில வாயு உமிழ்வைக் குறைப்பதற்கு இத்தனை டன் என்று இலக்கு வைக்கிறோம். காலநிலை மாற்றத்துக்குத் தகவமைத்துக்கொள்ள, அதாவது அதன் பாதிப்புகளைத் தாங்கும்படி ஊரைத் தயார்படுத்த, ஓர் உள்ளாட்சி எதை எண்ணுவது? இத்தனை மரக்கன்றுகள், இத்தனை கிலோமீட்டர் வடிகால் என்று எழுதினால் போதாதா?" இந்த முறை வந்தவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான்.

போதாது. கரியமில வாயு எங்கிருந்து வெளியேறினாலும் ஒரே வளிமண்டலத்தில்தான் சேர்கிறது. ஆகவே அதற்கு ஒரே அளவுகோல் போதும். வெயிலும் வெள்ளமும் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வேறுபடுகின்றன. காலநிலை மாற்றம் குறித்து உலக நாடுகள் செய்துகொண்ட 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் தன் 7-ஆவது பிரிவில் தகவமைப்புக்கு உலகளாவிய இலக்கு ஒன்றை நிறுவியபோதும், அதில் எண் எதையும் குறிப்பிடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

முந்தைய உரைகளில் பலமுறை சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்: செய்த வேலையை எண்ணாமல், குறைந்த பாதிப்பை எண்ண வேண்டும். அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வெப்பத்தாக்கால் இறந்ததாகப் பதிவானவர்கள் குறைவே. ஆனால் ஆய்வாளர்கள், அந்த மாதத்தில் எக்காரணத்தாலும் நேர்ந்த இறப்புகள் அனைத்தையும் முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்டபோது, 1,344 பேர் கூடுதலாக இறந்திருப்பது தெரியவந்தது. 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, இத்தனை டிகிரியைத் தாண்டினால் இந்த நிற எச்சரிக்கை, அப்போது மருத்துவமனைகளும் குடிநீர்ப் பணியாளர்களும் செய்ய வேண்டியவை இவை என்று முன்கூட்டியே முடிவு செய்தது. இறப்புகளை எண்ணாமல், அமைத்த நிழற்பந்தல்களையும் வழங்கிய துண்டறிக்கைகளையும் மட்டும் எண்ணியிருந்தால், திட்டம் பலித்ததா என்பது எவருக்கும் தெரிந்திருக்காது.

இலக்குக்கான காலக்கெடுவைக்கூட ஆண்டால் மட்டும் குறிக்க வேண்டியதில்லை. லண்டனை வெள்ளத்திலிருந்து காக்கும் தேம்ஸ் ஆற்று முகத்துவாரத் திட்டம், கடல்மட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாக உயர்ந்தால் அடுத்த கட்ட வேலைகளை முன்னதாகவே தொடங்கும் வகையில் 2012-இல் வகுக்கப்பட்டது. உள்ளூர்த் திட்டங்களுக்கு இதைவிடப் பயனுள்ள முன்மாதிரியை நான் அறியேன்.

இருந்தாலும், நேயர் கேட்டிருக்க வேண்டியது "எவ்வளவு?" என்பதைவிட "யாருக்கு?" என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நகரத்தின் சராசரி பாதிப்பு குறைந்தாலும், தகரக் கூரையின்கீழ் உறங்குபவருக்கும், நண்பகலில் சாலை போடுபவருக்கும் எதுவும் மாறாமல் இருக்கலாம். ஆகவே "பத்துக் கிலோமீட்டர் வடிகால்" என்பதை அழித்துவிட்டு, "மிகத் தாழ்வான தெருவில், இத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தாலும், இத்தனை மணி நேரத்துக்குமேல் வீட்டுக்குள் தண்ணீர் நிற்காது" என்று எழுதுங்கள். அந்த அளவுகளை அத்தெருவில் குடியிருப்பவர்களோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். வடியும் நீர் கீழ்ப்புறத்தில் யார் வாசலில் போய் நிற்கும் என்பதையும் அதே தாளில் குறிப்பிட்டு, அவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.